மூட்டையை எண்ணி ஏலம் கேட்பீர்களா?

(போடிநாயக்கனூரில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



அன்புச் சகோதரர்களே! வணிகப் பெருமக்களே! கூட்டத்துக்கு வர இயலாமல், இந்த இதழைக் கடையிலோ வீட்டிலோ வைத்துப் படித்துக்கொண்டிருக்கும் அன்பு வாசகரே!

உங்களிடம் ஒரு கேள்வி கேட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் ஏலக்காய் வாங்கப் போகிறீர்கள். விற்பவர் வந்து, "என்னிடம் ஐம்பது மூட்டை இருக்கிறது, பக்கத்துக்காரரிடம் முப்பதுதான், ஆகவே என் சரக்குதான் உயர்ந்தது" என்கிறார். என்ன செய்வீர்கள்? சிரிப்பீர்கள். மாதிரியைக் கொண்டுவா என்பீர்கள். உள்ளங்கையில் கொட்டி நிறம் பார்ப்பீர்கள். எட்டு மில்லி சல்லடையில் எத்தனை நிற்கிறது என்று பார்ப்பீர்கள். ஒரு லிட்டர் படியில் நிரப்பி எத்தனை கிராம் நிற்கிறது என்று எடை போடுவீர்கள். இரண்டைப் பிரித்து அரிசி கறுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். காயில் சாயம் ஏற்றியிருக்கிறதா என்று விரலை நனைத்துத் தேய்த்தும் பார்ப்பீர்கள். இத்தனையும் முடித்த பிறகுதான் வாயைத் திறந்து விலை சொல்வீர்கள்.

நூறு கிராம் ஏலக்காய்க்கு இத்தனை அளவைகள் வைத்திருக்கும் நாம், ஒரு மாநிலத்தின் அறிவை அளக்கும்போது மட்டும் மூட்டையை எண்ணிவிட்டுக் கைதட்டுகிறோமே, அது எப்படி?

பத்திரிகைச் செய்தியும் அதன் பொருளும்

"காப்புரிமை விண்ணப்பத்தில் தமிழ்நாடு முதலிடம்" என்ற செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். பேடண்ட் என்கிறோமே, அதைத்தான் காப்புரிமை என்று எழுதுகிறார்கள். செய்தி உண்மை. 2022-23-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலிருந்து 7,686 விண்ணப்பங்கள் போயின. மகாராஷ்டிரா, உத்தரப் பிரதேசம், கர்நாடகா எல்லாம் அதற்குப் பின்னால்தான். 2024-25-இல் அந்த எண்ணிக்கை 15 ஆயிரத்தையும் தாண்டிவிட்டது. இரண்டே ஆண்டில் இரு மடங்கு!

மகிழ்ச்சிதான். ஆனால் சிந்தித்துப் பாருங்கள். இரண்டே ஆண்டில் நம் மாநிலத்தின் மூளை இரு மடங்காகிவிட்டதா? நம் பட்டறைகளில் இரு மடங்கு புதிய இயந்திரங்கள் ஓடுகின்றனவா? உங்கள் கடைக்கு வரும் சரக்கில் அந்த 15 ஆயிரத்தில் ஒன்றையாவது கண்டீர்களா?

விண்ணப்பம் என்பது என்ன? "நான் புதிதாக ஒன்று கண்டுபிடித்தேன்" என்று ஒருவர் எழுதிக் கொடுப்பது, அவ்வளவுதான். அதைச் சோதித்து, உலகில் வேறெங்கும் இதற்கு முன் இல்லாதது, துறை தெரிந்த எவருக்கும் சட்டென்று தோன்றக்கூடியது அல்ல, தொழிலில் பயன்படக்கூடியது என்று மூன்றும் தேறினால்தான் காப்புரிமை கிடைக்கும். கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அதை வேறு யாரும் உங்கள் அனுமதியின்றிச் செய்யவோ விற்கவோ முடியாது. அதற்குப் பதிலாக, அதை எப்படிச் செய்வது என்ற முழு விவரத்தையும் நீங்கள் உலகுக்குத் திறந்து சொல்லிவிட வேண்டும். இதுதான் அரசுக்கும் கண்டுபிடித்தவருக்கும் இடையேயான ஒப்பந்தம்.

2022-23-இல் இந்தியா முழுவதற்கும் வந்த விண்ணப்பங்கள் 82,811. அந்த ஆண்டில் வழங்கப்பட்ட காப்புரிமைகள் சுமார் 34 ஆயிரம். அவற்றில் பல, அதற்கும் முந்தைய ஆண்டுகளில் விண்ணப்பித்தவை. அடுத்த ஆண்டில் தேங்கிக் கிடந்த கோப்புகளை வேகமாகத் தீர்த்தார்கள். வழங்கிய எண்ணிக்கை ஒரே ஆண்டில் ஒரு லட்சத்தைத் தாண்டியது! அலுவலகம் வேகமாக வேலை செய்தது நல்லதே. ஆனால் கோப்பு நகரும் வேகத்தை அறிவு வளரும் வேகமாகக் கணக்கெழுதக் கூடாதல்லவா?

சாயம் ஏற்றிய காய்

எண்ணிக்கை ஏன் இப்படிப் பெருகியது? காரணம் ஒன்றல்ல. கட்டணம் குறைந்தது. தனிமனிதர், புதுத்தொழில் தொடங்குபவர், சிறு நிறுவனம் ஆகியோருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். பெரிய நிறுவனங்களுக்கு 8,000. 2021-இல் கல்வி நிறுவனங்களுக்கும் அந்தச் சலுகையைக் கொடுத்தார்கள். இது வரவேற்க வேண்டியதே. ஆனால் அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மத்திய அரசு கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும்போது காப்புரிமைக்கு மதிப்பெண் தருகிறது. வழங்கப்பட்டதற்கு மட்டும் அல்ல, வெறுமனே வெளியிடப்பட்டதற்கும் மதிப்பெண்.

"வெளியிடப்பட்டது" என்ற சொல்லைக் கவனியுங்கள். எந்த விண்ணப்பமும் 18 மாதங்களில் தானாகவே காப்புரிமை இதழில் வெளியாகிவிடும். தனிக் கட்டணம் கட்டினால் ஒரு மாதத்தை ஒட்டியே வெளியாகும். அந்த நிலையில் அதை ஓர் அதிகாரி கூடப் படித்துச் சோதித்திருக்க மாட்டார். சோதனை வேண்டுமென்று தனியே கோர வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். பலர் அந்தப் படியை ஏறுவதே இல்லை. வெளியான காகிதத்தைச் சட்டம் போட்டு முதல்வர் அறையில் மாட்டியாயிற்று, மதிப்பெண் கிடைத்தாயிற்று, போதுமே!

ஆகவேதான், தனியார் பல்கலைக்கழகங்கள் மலிந்த மாநிலங்கள் இந்தப் பட்டியலில் திடீரென்று முன்வரிசைக்கு வருகின்றன. பஞ்சாபைப் பாருங்கள். கோதுமையும் நெல்லும் விளைகின்ற அந்த மாநிலம் விண்ணப்பப் பட்டியலில் முன்வரிசையில் நிற்கிறது. அதன் தொழில் வளர்ச்சி அதே வேகத்தில் ஓடியதா என்றால், இல்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இப்போது செல்போனில் விளம்பரம் வருகிறது: "காப்புரிமையில் உங்கள் பெயரைச் சேர்க்கிறோம், இத்தனை ஆயிரம் கட்டுங்கள், ஒரு மாதத்தில் சான்றிதழ்." எவரோ எழுதிய ஒரு விண்ணப்பத்தில் எட்டுப் பேர் பெயர், எட்டுப் பேருக்கும் அந்தக் கருவி எப்படி ஓடும் என்று தெரியாது! தம்பி, உன் அத்தா பஜாரில் நாள் முழுக்க நின்று சம்பாதித்த காசு அது. நீ கண்டுபிடிக்காததை நீ கண்டுபிடித்ததாக அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பதற்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்று நான் சொல்லத் தேவையில்லை. காய்க்குப் பச்சைச் சாயம் போடுகிறவனைச் சந்தையில் எப்படிப் பார்ப்பீர்களோ, இதையும் அப்படியே பாருங்கள்.

வளர்ச்சி என்ற மற்றொரு படி

சரி, விண்ணப்பத்தை விடுங்கள், மாநிலம் வளர்கிறதே, அதுவே அறிவு வளர்ந்ததற்குச் சான்று அல்லவா என்று படித்த சகோதரர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024-25-இல் தமிழ்நாட்டின் பொருளாதாரம் விலைவாசி ஏற்றத்தைக் கழித்த பிறகும் 11 சதவிகிதத்துக்கு மேல் வளர்ந்தது என்று மத்திய புள்ளியியல் கணக்கு சொல்கிறது. பெரிய மாநிலங்களில் இது மிக உயர்ந்த வேகம்.

இதன் பின்னால் என்ன இருக்கிறது? ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கம் போய்ப் பாருங்கள். ஆயிரக்கணக்கான நம் பெண்பிள்ளைகள் விடுதியில் தங்கி, விலை உயர்ந்த செல்போன்களைப் பூட்டுகிறார்கள். மின்னணுப் பொருள் ஏற்றுமதியில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடம். ஆனால் அந்தப் போனுக்குள் இருக்கும் காப்புரிமைகள் யாருடையவை? அமெரிக்காவின் ஆப்பிள், குவால்காம், கொரியாவின் சாம்சங் போன்ற கம்பெனிகளுடையவை. கூலி நமக்கு, உரிமைத்தொகை அவர்களுக்கு. கூலியை நான் குறைத்துச் சொல்லவில்லை; அந்தச் சம்பளத்தில் எத்தனையோ குடும்பங்கள் கடனை அடைத்திருக்கின்றன. நான் சொல்வது, வளர்ச்சி வேறு, கண்டுபிடிப்பு வேறு. பிறர் கண்டுபிடிப்பைக் கொண்டும் ஒரு மாநிலம் வளரலாம்.

இன்னொரு உதாரணம் உங்கள் கல்லாப் பெட்டியிலேயே இருக்கிறது. 2018-இல் கேரளத்தில் பெருவெள்ளம். ஏலத்தோட்டங்கள் அழிந்தன. அதற்கடுத்த ஆண்டு மழையும் பொய்த்தது. காய் இல்லை. 2019 ஆகஸ்ட் மாதம் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. சரக்கு இருப்பு வைத்திருந்தவர் ஒரே மாதத்தில் பணக்காரர். அந்த ஆண்டு யார் என்ன கண்டுபிடித்தார்கள்? ஒன்றும் இல்லை. அழிவுதான் விலையைத் தூக்கியது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே காய் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. அப்போது மலையில் அறிவு குறைந்துவிட்டதா?

மத்திய அரசின் நிதி ஆயோக் அமைப்பு மாநிலங்களுக்கு ஒரு புத்தாக்கக் குறியீடு போடுகிறது. படிப்பு, முதலீடு, ஆராய்ச்சியாளர் எண்ணிக்கை, காப்புரிமை என்று பலவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். 2019-இல் வந்த முதல் பட்டியலில் தமிழ்நாட்டுக்கு இரண்டாமிடம். 2022-இல் வந்த மூன்றாம் பட்டியலில் ஐந்தாமிடம். மூன்று முறையும் கர்நாடகாதான் முதலிடம். விண்ணப்பத் தராசில் முதலிடம் பெற்ற அதே மாநிலத்துக்கு இந்தத் தராசில் ஐந்தாமிடம்! தராசு மாறினால் எடை மாறுகிறது. அளவையில் மோசடி செய்வோரைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே இறங்கிய வேதத்தை ஓதுகிற நாம், எவர் எதை நிறுத்துச் சொன்னாலும் முதலில் தராசைப் பார்க்க வேண்டாமா?

எந்தக் கணக்கிலும் ஏறாத ஒரு செடி

இனி நம் மலைக்கு வருகிறேன். இன்று போடி பஜாரில் புரளுகின்ற காயில் பெரும்பகுதி எந்த ரகம்? ஞள்ளாணி. நாக்குக்கு வாகாக நல்லாணி என்கிறோம். அது எங்கிருந்து வந்தது என்று இங்குள்ள இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எந்தப் பன்னாட்டுக் கம்பெனியின் சோதனைச்சாலையிலும் அது பிறக்கவில்லை. பாம்பாடும்பாறையில் 1956 முதல் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; மைலாடும்பாறையில் 1978 முதல் ஏலக்காய் ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. அவர்களும் நல்ல ரகங்கள் தந்திருக்கிறார்கள். ஆனால் மலையையே மாற்றிய இந்தச் செடியைத் தந்தவர் இடுக்கி மாவட்டம் கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப். ஞள்ளாணி என்பது அவருடைய வீட்டுப் பெயர். தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடிகளைக் கவனித்தார். தேனீ வளர்த்தார். அந்தத் தேனீக்கள் மகரந்தம் சேர்த்த காயிலிருந்து விதை எடுத்து நாற்று விட்டார். நூற்றுக்கணக்கான நாற்றில் நல்லதைத் தேர்ந்தெடுத்தார். பிறகு விதையை விட்டுவிட்டு, தேர்ந்த தூரைப் பிரித்துப் பிரித்து நட்டார். தாயின் குணம் மாறாமல் வந்தது. பழைய ரகங்களைவிடப் பல மடங்கு விளைச்சல். திரண்ட பச்சைக் காய். 1990-களில் ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு, தூர் தூராக, ஏலமலை முழுவதும் பரவியது.

சகோதரர்களே, இதைக் கேட்கும்போது எனக்கு மதீனாவின் பேரீச்சந் தோட்டங்கள் நினைவுக்கு வருகின்றன. அங்குள்ள விவசாயிகள் ஆண் பாளையின் பூந்தூளை எடுத்துப் பெண் பாளையில் சேர்ப்பார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைப் பார்த்துத் தம் கருத்தாக ஒன்று சொல்ல, அவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டார்கள், விளைச்சல் குறைந்தது. உலகக் காரியங்களில் உங்கள் அனுபவம் உங்களுக்கே நன்கு தெரியும் என்ற பொருளில் நபியவர்கள் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மண்ணில் கை வைத்தவனின் அறிவுக்கு அவ்வளவு பெரிய சபையில் அத்தகைய மதிப்பு!

நம் காலத்து அட்டவணைகளில் அந்த அறிவுக்கு என்ன இடம்? காப்புரிமை எண்ணிக்கையில் ஞள்ளாணி பூஜ்யம். ஏனென்றால் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, விவசாய முறைகளுக்குக் காப்புரிமை கிடையாது என்கிறது. பின்னர் வந்த திருத்தம், செடிகளுக்கும் விதைகளுக்கும் கிடையாது என்கிறது. இந்தச் சட்டம் தவறு என்று நான் சொல்லமாட்டேன். செடிக்குக் காப்புரிமை கொடுத்திருந்தால் ஏதோ ஒரு கம்பெனி ஒவ்வொரு தூருக்கும் காசு கேட்டிருக்கும். சிறு விவசாயியின் தோட்டத்துக்கு அது வந்தே இருக்காது. ஆனால், எண்ணிக்கையை வைத்து அறிவை அளக்கிறவர் இந்த மலைக்கு வந்தால் என்ன எழுதுவார்? "இங்கே புத்தாக்கம் இல்லை" என்று எழுதிவிட்டு, ஏலக்காய் போட்ட தேநீரையும் குடித்துவிட்டுப் போவார்!

எல்லையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செடி பிறந்தது கேரளத்தில். வளர்வதும் பெரும்பாலும் கேரளத்தில். காய் போடிமெட்டு இறங்கி வருகிறது. தரம் பிரிப்பது, விற்பது, ஊர் ஊராக அனுப்புவது தமிழ்நாட்டில். வேலைக்கு நம் பக்கத்து மக்கள் விடியுமுன் ஜீப்பில் மலை ஏறுகிறார்கள். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலமோ போடியிலும் நடக்கிறது, புத்தடியிலும் நடக்கிறது. இந்தப் புத்தாக்கத்தை எந்த மாநிலத்தின் கணக்கில் எழுதுவது? மலை என்றைக்குமே எல்லையைக் கேட்டதில்லை. நூறு ஆண்டுக்கு முன் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியில் போடிக்கு வந்தது. அந்த டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலையைக் கொண்டுவர 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓட்டினார்கள், இழுத்தவை மாடுகள்! 1908-இல் சிறு ரயிலானது. 1924 வெள்ளம் அதை அடித்துப் போயிற்று. அரசாங்கங்கள் மாநிலவாரியாக அளக்கட்டும், வேறு வழியில்லை. ஆனால் மாநிலவாரிக் கணக்கு, சரக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. விண்ணப்பத்தில் எந்த முகவரி எழுதியிருந்தது என்பதைத்தான் சொல்லும்.

அப்படியானால் காப்புரிமை வேண்டாமா?

அவசரப்பட்டு அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். காப்புரிமையை அலட்சியம் செய்த சமுதாயம் என்ன பாடுபடும் என்பதற்கு மஞ்சளே சாட்சி. 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவருக்கு, மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் பாட்டிமார் குழந்தையின் முழங்காலில் அப்பிய அதே மஞ்சள்! நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் வழக்காடியது. "எங்கள் நாட்டில் எல்லாருக்கும் தெரியும்" என்று சொன்னால் அங்கே எடுபடாது. எழுதி அச்சான ஆதாரம் வேண்டும். பழைய நூல்களையும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் காட்டித்தான் 1997-இல் அதை ரத்து செய்ய முடிந்தது.

அதன் பிறகுதான் 2001-இல் பாரம்பரிய அறிவு மின்னூலகம் தொடங்கினார்கள். ஆயுர்வேதம் சமஸ்கிருதத்திலிருந்து, சித்த மருத்துவம் தமிழிலிருந்து, யுனானி மருத்துவம் அரபி, பார்ஸி, உருது நூல்களிலிருந்து எடுத்துப் பதிவாகிறது. மதரஸாவில் ஓதிய அரபிக்கு மிம்பரைத் தாண்டி என்ன பயன் என்று கேட்கும் இளைஞனுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். ஹகீம்கள் எழுதிவைத்த மருந்துச் செய்முறையை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தன் கண்டுபிடிப்பு என்று கொண்டுவந்தால், அந்தக் கிதாபைத் திறந்து பக்கத்தைக் காட்டி மறுக்க ஆள் வேண்டும்.

காப்புரிமை ஒரு வேலி. வேலி நல்லது. ஆனால் ஊரில் எத்தனை வேலி இருக்கிறது என்று எண்ணி விளைச்சலைச் சொல்லாதீர்கள் என்பதுதான் என் வாதம்.

பின் எதைப் பார்ப்பது? வணிகருக்கு நன்கு புரியும் அளவை ஒன்று உண்டு. காப்புரிமை கிடைத்தபின், விண்ணப்பித்த நாளிலிருந்து எண்ணி மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். ஆண்டு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். கட்டாவிட்டால் உரிமை போய்விடும். வருமானம் தராத கோடவுனுக்கு எந்த வியாபாரியாவது இருபது வருடம் வாடகை கட்டுவாரா? ஆகவே, பத்து ஆண்டுக்குப் பிறகும் எத்தனை காப்புரிமைகள் உயிரோடிருக்கின்றன என்று கேளுங்கள். உலகில் பொருளாதார அறிஞர்கள் இந்த வழியிலும் அளந்திருக்கிறார்கள். இன்னொன்று, உரிமை பெற்றவர் அதைத் தொழிலில் பயன்படுத்துகிறாரா என்று அரசுக்கு எழுதித் தர வேண்டும் என்பது நம் சட்டம். முன்பு ஆண்டுதோறும், 2024 விதிகளுக்குப் பின் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. நம் மாநிலம் முதலிடம் என்று சொல்கிறவரிடம், "எத்தனை ஓடுகின்றன?" என்று ஒரே கேள்வி கேளுங்கள்.

அதற்கப்பால் எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்விகளும் உண்டு. கோயம்புத்தூரில் 1955 வாக்கில் சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் மாவாட்டும் கிரைண்டரை உருவாக்கினார். அதைச் சுற்றி ஒரு தொழிலே எழுந்தது. எத்தனை லட்சம் பெண்களின் தோள்வலி குறைந்தது? அதே கோவையின் முருகானந்தம் மலிவான சானிட்டரி நாப்கின் இயந்திரம் செய்தார். உரிமையைப் பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். மகளிர் குழுக்களுக்கே இயந்திரத்தைக் கொடுத்தார். ஒரே காப்புரிமை! எண்ணிக்கையில் ஒன்று. நாடு முழுக்கப் பெண்களின் வாழ்வில் எவ்வளவு!

மலையில் இனி வேண்டியது

ஞள்ளாணியைப் புகழ்ந்தேன். அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதிக விளைச்சலுக்கு அதிகத் தண்ணீர், அதிக உரம், அதைவிட அதிகமாகப் பூச்சிமருந்து. அந்த மருந்தின் எச்சத்தைக் காரணம் காட்டி சவூதிச் சந்தையில் நம் காய்க்கு ஏற்பட்ட தடங்கலை இங்கு அமர்ந்திருக்கும் ஏற்றுமதியாளர்கள் அறிவார்கள். அரபு நாட்டில் கஹ்வாவுக்கு ஏலக்காய் இல்லாமல் முடியாது. அந்தச் சந்தையில் நமக்கு எதிரே நிற்பது குவாத்தமாலா. முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் அங்கே கொண்டுபோய் நட்ட செடி, இன்று உலகிலேயே அதிகம் விளைகிறது. அங்கே ஏலக்காயை உண்பவர் அதிகம் இல்லை. விளைவது முழுக்க ஏற்றுமதிக்கே. விலையில் நம்மால் அவர்களோடு மோத முடியாது. எச்சமில்லாத, நிறம் மாறாத காய் என்று சொல்லித்தான் நிற்க முடியும்.

ஆகவே, நம் ஊர் இளைஞனின் மூளைக்கு வேலை இங்கேயே கொட்டிக் கிடக்கிறது. ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர ஏறக்குறைய ஒரு பகலும் இரவும் ஆகிறது. சூடு 50 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். கூடினால் நிறம் போகும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். எத்தனை விறகு எரிகிறது! அதைப் பாதியாக்கும் அடுப்பு யார் செய்வது? மருந்தில்லாமல் தண்டுதுளைப்பானைப் பிடிக்கும் பொறி யார் செய்வது? தரம் பிரிக்கும் கூடங்களில் நம் தாய்மார்களும் சகோதரிகளும் குனிந்தபடி காயைப் பொறுக்குகிறார்கள். நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் வெளியிலிருந்து வந்து இறங்கினால் மாநிலத்தின் உற்பத்திக் கணக்கு ஏறும். அந்தப் பெண்ணின் கூலி எந்தக் கணக்கில் எழுதப்படும்? அவளை வீட்டுக்கு அனுப்பாமல், அவளுடைய முதுகுவலியை மட்டும் போக்கி, நாளைக்கு இரண்டு கிலோ கூடுதலாகப் பிரிக்க வைக்கும் ஒரு மேசையை நம் பட்டறைக்காரர் செய்தால், அதை நான் பெரிய கண்டுபிடிப்பு என்பேன்.

செய்தவர்கள் எப்படிக் காப்பது? நேராகச் சொல்கிறேன். கருவியைச் சந்தைக்கோ பொருட்காட்சிக்கோ கொண்டுபோகும் முன் விண்ணப்பத்தைப் போடுங்கள். ஊருக்கெல்லாம் காட்டிய பின் போனால், "இது புதிதல்ல" என்று அந்தக் காட்சியையே காரணமாக்கித் தள்ளிவிடுவார்கள். வேலை முழுதாக முடியாவிட்டாலும் தற்காலிக விவரக்குறிப்பு என்று ஒன்று போட்டு நாளைப் பிடித்துக்கொள்ளலாம். 12 மாதத்துக்குள் முழு விவரத்தைக் கொடுத்தால் போதும். சோதனைக் கோரிக்கையை 31 மாதத்துக்குள் கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். தென்மாநிலங்களுக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் நடத்தும் காப்புரிமைத் தகவல் மையமும் சென்னையில்தான். ஏற்கெனவே இதைப் போல் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க இணையத்தில் வசதியிருக்கிறது, அதற்குக் காசில்லை.

செடி கண்டவர்களுக்கு வேறு வழி. 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் விவசாயி தன் ரகத்தைத் தன் பெயரில் பதிவு செய்யலாம். மற்ற விவசாயிகள் விதையை வைத்துக்கொள்வதையும் பரிமாறுவதையும் அந்தச் சட்டம் தடுக்காது. படிக்காதவரின் கண்டுபிடிப்பைத் தேடிப் பதிவதற்கென்றே குஜராத்தில் தேசிய புத்தாக்க நிறுவனம் 2000-லிருந்து இருக்கிறது. மதுரையில் சேவா அமைப்பும் பல்லாண்டுகளாக இந்தப் பணியைச் செய்கிறது. மதுரை தொலைவா? 2023 ஜூன் முதல் போடிக்கு மீண்டும் ரயிலும் வந்துவிட்டது.

வணிகர்களிடம் ஒன்று கேட்கிறேன். 1,600 ரூபாய் பெரிதல்ல. விண்ணப்பத்தைச் சரியாக எழுதித் தரும் முகவரின் ஊதியம்தான் பெரிது. பட்டறைப் பையனால் அது முடியாது. வணிகர் நான்கு பேர் சேர்ந்து அதைக் கொடுங்கள். கடனாக வேண்டாம், வட்டி வாசலுக்கே வரக்கூடாது. முழாரபா முறையில் பங்காக எழுதிக்கொள்ளுங்கள். பொருள் விற்றால் லாபத்தில் பங்கு. விற்காவிட்டால் பணம் உங்களுடையது, உழைப்பு அவனுடையது, இருவருக்கும் போயிற்று. காகிதத்தில் கண்டுபிடித்தவன் பெயர் அவனுடையதாகவே இருக்கட்டும். பணம் போட்டவர் தம் மகன் பெயரை நுழைக்கக் கூடாது.

வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் நாம் மறுபடி கூடுகிறோம், இன்ஷா அல்லாஹ். ஸ்டோர் வைத்திருப்பவர்களும் லேத் பட்டறை, வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்களும் வாருங்கள். எந்த மதத்தவரானாலும் அழைத்து வாருங்கள். ஏலக்காய்க்காக நீங்களே ஏதாவது கருவி செய்திருந்தால் அதன் வரைபடத்தை ஒரு நோட்டில் தேதி போட்டு வரைந்து, கையொப்பமிட்டு, கையில் கொண்டு வாருங்கள். அதற்கு முன் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்!

வஸ்ஸலாம்.